வீட்டிலிருந்தே சம்பாதிக்க: இட்லி மாவா, டியூஷனா, டேலி கணக்கு வேலையா?

கேள்வி: மும்பையை அடுத்த டோம்பிவிலி கிழக்கில் வசிக்கிறோம். எனக்கு வயது 34. கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 22,000. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், மகனுக்கு மூன்று வயது. பி.காம் முடித்து ஏழு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகன் பிறக்கும் சமயத்தில் வேலையை விட்டுவிட்டேன். இப்போது மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. வீட்டிலிருந்தபடியே மாதம் 10,000 ரூபாயாவது சம்பாதிக்க விரும்புகிறேன். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் இட்லி மாவு விற்றால் ஒரு நாளைக்கு 10 கிலோ போகும். கிலோ 70 ரூபாய், அரிசி உளுந்துச் செலவு 320 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 11,400 ரூபாய் நிற்கும். இதற்காகப் பெரிய கிரைண்டர் வாங்க, என் பி.எஃப். கணக்கில் உள்ள 3,10,000 ரூபாயிலிருந்து 60,000 எடுக்கலாமா? ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கவும் கேட்கிறார்கள். இதற்கிடையில், 8,500 ரூபாய் முன்பணம் கட்டினால் வீட்டிலேயே தட்டச்சு வேலை தருவதாக வாட்ஸ்அப்பில் ஒரு நிறுவனம் சொல்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
வாசகி, டோம்பிவிலி

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குத்தான் அவசரம். அந்த 8,500 ரூபாயைக் கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர்தான் கூலி கொடுக்க வேண்டுமே தவிர, வேலை செய்பவர் பணம் கட்டும் வழக்கம் எந்த நேர்மையான தொழிலிலும் இல்லை. இந்த வகை மோசடி நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான்: முன்பணம் வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்களை அனுப்புவார்கள், இரவெல்லாம் விழித்து முடித்துக் கொடுத்த பின் பிழைகள் மிகுதி என்று நிராகரிப்பார்கள், பிறகு ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வழக்கறிஞர் பெயரில் ஒரு நோட்டீஸ் வரும், அதிலிருந்து விடுபட இன்னொரு தொகை கேட்பார்கள். ஏற்கெனவே ஏதேனும் கட்டியிருந்தால், மேலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். உங்கள் வங்கிக் கணக்கை ‘வாடகைக்கு’க் கேட்டு மாதம் இவ்வளவு தருகிறோம் என்போரிடமும் இதே எச்சரிக்கை வேண்டும், அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் வந்து போனால் கணக்கு முடக்கப்படும், காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

இனி மாவுக்கு வருவோம். உங்கள் கணக்கு தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது பாதிக் கணக்கு. 700 ரூபாய் விற்பனையில் 320 ரூபாய் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்புக்குப் போகிறது, சரி. மின்சாரத்துக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 ரூபாய் வையுங்கள். பத்து பாக்கெட்டில் ஒன்று விற்காமல் தங்கும், அல்லது புளித்துப் போகும்; அது 70 ரூபாய். மே மாத வெக்கையில் டோம்பிவிலியில் மாவு எவ்வளவு விரைவில் பொங்கும் என்பதும், பாக்கெட் பந்துபோல உப்பி நின்றால் எதிர்வீட்டுக்காரர் என்ன சொல்லித் திருப்பிக் கொடுப்பார் என்பதும் நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, நாளொன்றுக்கு நிற்பது 270 ரூபாய். மாதம் முப்பது நாளும் இயங்க முடியாது; பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஊருக்குப் போவீர்கள். 26 நாள் என்று கொண்டால் 7,020 ரூபாய்தான் வருகிறது.

இதில் நீங்கள் சேர்க்காத மிகப் பெரிய செலவு உங்கள் நேரம். ஊறவைத்து, கழுவி, அரைத்து, கிரைண்டரைக் கழுவி, உறையிலிட்டு, மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ‘நாளைக்குத் தருகிறேன்’ என்றவர்களிடம் பாக்கியை வசூலிப்பது வரை குறைந்தது மூன்றரை மணி நேரம் ஆகும். மாதத்துக்கு 91 மணி நேரம். அதாவது மணிக்கு 77 ரூபாய். மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த 91 மணி நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் உண்மையான விலை. வீட்டிலிருந்து செய்யும் எந்த வேலையையும் மாத வருமானத்தை வைத்து ஒப்பிடாமல், எல்லாச் செலவும் போக ஒரு மணி நேரத்துக்கு என்ன நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்குமாறு சிறு குழந்தை உள்ள எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன், ஏனெனில் உங்களிடம் பணத்தைவிடவும் குறைவாக இருப்பது நேரம்தான்.

மும்பையில் வீட்டுத் தொழில் என்றதும் எல்லோரும் லிஜ்ஜத் அப்பளத்தை எடுத்துக்காட்டுவார்கள். 1959-இல் கிர்காவில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது என்பது உண்மைதான். ஆனால் அந்த அமைப்பு நிலைத்ததற்கான காரணத்தைக் கவனியுங்கள்: பிசைந்த மாவைக் கிளையிலிருந்து வாங்கிச் சென்று வீட்டில் தேய்த்துக் காயவைத்துத் திரும்பக் கொடுத்தால் போதும், கூலி கிடைத்துவிடும். மாவைத் தயாரிப்பதும், விற்பதும், பாக்கி வசூலிப்பதும் உறுப்பினரின் தலையில் இல்லை. தனியாளாக மாவு விற்பவர் இவை எல்லாவற்றையும் தானே சுமக்கிறார்.

மேலும், உணவுப் பொருள் விற்பனை சிறு அளவில் வீட்டிலிருந்தே நடந்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யில் பதிவு செய்துகொள்வது அவசியம். சொசைட்டி நிர்வாகக் குழுவின் இசைவையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அதிகாலை ஐந்து மணிக்குப் பெரிய கிரைண்டர் ஓடினால் கீழ் வீட்டுக்காரரின் முதல் புகார் சத்தத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

டியூஷனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு பிள்ளைகள், தலைக்கு 800 ரூபாய் என்றால் 4,800 ரூபாய். மாதம் 44 மணி நேரம் என்று கொண்டால் மணிக்கு 109 ரூபாய். மாவைவிட மேல், முதலீடும் இல்லை. ஆனால் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் மாலை நேரத்தில்தான் உங்கள் மகளும் பள்ளி முடிந்து வந்து உங்களைத் தேடுவாள். கோடை விடுமுறையில் வருமானம் நின்றுவிடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோன செய்தியில்தான் என் பதில் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவர் மணிக்கு 77 ரூபாய்க்கு மாவு அரைக்க நினைப்பது, நகையைப் பரணில் போட்டுவிட்டுக் கைமாற்று வாங்குவதைப் போன்றது. வேலையை விட்ட பெண்கள் பலரும் தங்கள் படிப்பும் அனுபவமும் அலுவலகத்தோடு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதை என் பணியில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஃபட்கே ரோட்டிலும் மான்பாடா ரோட்டிலும் உள்ள துணிக்கடை, மருந்துக்கடை, ஹார்டுவேர் கடைகளை நினைத்துப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, அதில் பதிவு பெற்ற சிறு கடைக்காரருக்கும் ஒவ்வொரு பில்லையும் ஒழுங்காகப் பதிவு செய்து வைப்பவர் ஒருவர் தேவைப்படுகிறார்; முழுநேரக் கணக்காளரை வைத்துக்கொள்ள அவரால் இயலாது. மாதம் 2,500 ரூபாய் வீதம் நான்கு கடைகள் கிடைத்து, ஒவ்வொன்றுக்கும் எட்டு மணி நேரம் செலவிட்டால், 32 மணி நேரத்தில் 10,000 ரூபாய். மணிக்கு 312 ரூபாய். தொகை ஊருக்கும் கடையின் அளவுக்கும் ஏற்ப மாறும். ஆனால் விகிதம் பெரிதாகத் தலைகீழாகாது.

இந்த வேலையில் இன்னொரு வசதி, அது எப்போது குவியும் என்பது முன்கூட்டியே தெரியும். மாதந்தோறும் தாக்கல் செய்வோர் விற்பனை விவரத்தை 11-ஆம் தேதிக்குள்ளும், வரிக் கணக்கை 20-ஆம் தேதிக்குள்ளும் கொடுக்க வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் பிள்ளைகள் தூங்கிய பின் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கடைசி வாரம் உங்களுடையது. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேற்படாதவர்கள் காலாண்டுத் தாக்கல் முறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அத்தகைய கடைகள் இரண்டு கலந்திருந்தால் சுமை இன்னும் பரவும். முதலில் கடைக்காரர்களைத் தேடி அலைவதைவிட, டோம்பிவிலியிலோ தானேயிலோ உள்ள ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பதிவு வேலையைச் செய்து கொடுப்பதாகச் சொல்லித் தொடங்குங்கள். உங்கள் பிழையைத் திருத்த அங்கே ஒருவர் இருப்பார்.

இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டதால் கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். குறிப்பாக, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யின் 12, 28 விழுக்காடு அடுக்குகள் பெரும்பாலும் நீக்கப்பட்டுப் பல பொருள்களின் வரி 5, 18 என்று மாறியிருக்கிறது. பழைய நினைவில் பதிவு செய்தால் கடைக்காரருக்கு அபராதமும் உங்களுக்குக் கெட்ட பெயரும் வரும். திருட்டுப் பிரதி மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள். கடைக்காரர் உரிமம் பெற்று வைத்திருக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளிலேயே வேலை செய்யும் ஏற்பாட்டைக் கேளுங்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் அவருடைய ஓ.டி.பி.-யைப் பெற்று நீங்களே அறிக்கையைத் தாக்கல் செய்துவிடாதீர்கள்: பதிவு உங்களுடையது, ஒப்புதல் அவருடையது என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மகனைப் பகலில் இரண்டு மணி நேரம் பக்கத்துப் பாளணாகரில் (குழந்தைகள் காப்பகத்தில்) விட நேர்ந்தால், அந்தக் கட்டணத்தையும் மணிக் கணக்கில் கழித்துப் பாருங்கள். கழித்த பிறகும் இந்த வேலை மற்ற இரண்டையும்விடக் கூடுதலாகவே தரும்.

பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம். கிரைண்டர் தேவையில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஓய்வூதியம். பி.எஃப். உடன் இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்து ஆண்டு தகுதிச் சேவை வேண்டும். உங்களுக்கு ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓய்வூதியப் பகுதியைப் பணமாக எடுத்துவிட்டால் அந்த ஏழு ஆண்டுகளும் அழிந்துவிடும். எடுக்காமல், சேவைக் காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், மகன் பள்ளிக்குப் போன பின் நீங்கள் மூன்று ஆண்டுகள் வேலைக்குச் சென்றாலும் தகுதி நிறைவடையும். பி.எஃப். தொகைக்கு 2024-25 நிதியாண்டில் 8.25 விழுக்காடு வட்டி கிடைத்தது. இடர் இல்லாமல் இதற்கு ஈடான வட்டி வெளியே எளிதில் கிடைக்காது. பி.எஃப். கணக்குக்குரிய யூ.ஏ.என். எண்ணும், ஆதார், வங்கி விவரங்களும், வாரிசு நியமனமும் சரியாக உள்ளனவா என்று மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

வருமான வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி உண்டு. உங்கள் சொந்த உழைப்பில் வருவது உங்கள் வருமானம், கணவருடையதுடன் சேராது. ஆனால் கணவர் தம் சம்பளத்திலிருந்து தரும் பணத்தை உங்கள் பெயரில் வைப்புநிதியில் போட்டால், அதன் வட்டி அவருடைய வருமானமாகவே கணக்கிடப்படும். ஆகவே இரண்டையும் கலக்காமல், உங்கள் உழைப்பின் வரவுக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்றை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிட்டர் அலுவலகம் கொடுக்கும் தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் டி.டி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிக்கக்கூடும், வரி இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்கும். பின்னாளில் கடன் கேட்கும்போது வங்கி முதலில் கேட்பதும் அந்தத் தாக்கல் நகலைத்தான்.

முதல் ஆறு மாத வருமானத்தை எந்தத் தவணைக்கும் ஈடு வைக்காதீர்கள். ‘பத்தாயிரம் வருகிறதே’ என்று ஃபிரிட்ஜோ ஸ்கூட்டியோ தவணையில் வந்துவிட்டால், ஒரு கடைக்காரர் விலகிய மாதத்தில் மறுபடியும் கணவரின் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டிவரும். சேரும் 60,000 ரூபாய் சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால வைப்பிலுமாக அவசரத் தேவைக்கு இருக்கட்டும். 22,000 ரூபாய் தவணை உள்ள வீட்டுக்கு அது மூன்று தவணைக்குக்கூட முழுதாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள். கணவரின் அலுவலகக் குழுக் காப்பீட்டைத் தவிர வேறு மருத்துவக் காப்பீடு இல்லையெனில் ஏழாம் மாதப் பணம் அதற்குப் போக வேண்டும். தனிநபர் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. மகளுக்குப் பத்து வயது ஆகவில்லை என்பதால் செல்வமகள் சேமிப்புக் கணக்கை 250 ரூபாயில் இப்போதே தொடங்கிவிட்டு, தொகையைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம்.

மாவு அரைக்கும் ஆசை விடவில்லையென்றால், பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் செய்து பாருங்கள். அவை இரவோடு இரவாகப் பொங்காது. ஜி.எஸ்.டி. வேலை ஓய்ந்த கடைசி வாரத்தில் ஒரே நாளில் ஐந்து கிலோ வறுத்து இடித்து வைத்துவிடலாம், வீட்டில் இருக்கும் மிக்ஸியே அதற்குப் போதும்.