பாக்டீரியாவுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா?

முடியும். ஆனால் மண்ணில் கிடைத்ததை அப்படியே கொண்டுபோய் நீட்டினால் கிடைக்காது.

இதற்கு அடிப்படை அமெரிக்க வழக்கு ஒன்று. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த ஆனந்த சக்ரவர்த்தி, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். உயிருள்ளதற்குக் காப்புரிமை இல்லை என்று காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 1980-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், மனிதர் ஆக்கியதென்றால் தரலாம் என்றது. ஆபத்து பற்றிய வாதங்களை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிடம் சொல்லுங்கள் என்று ஒதுக்கிவிட்டது. அது நழுவல்தான் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(ஜே) தாவரம், விலங்குகளுக்குக் காப்புரிமை மறுத்தாலும் நுண்ணுயிரிகளை விட்டுவைக்கிறது. இயற்கையில் ஏற்கெனவே இருப்பது 3(சி)-யில் அடிபடும். எழுத்தில் முழுதாக விவரிக்க முடியாத நுண்ணுயிரி என்றால், சண்டிகரிலுள்ள எம்டிசிசி போன்ற அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். இந்திய மண்ணிலிருந்து எடுத்ததா? சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்திடமும் போயாக வேண்டும்.