டிஜிட்டல் ரூபாய் வந்தால் நம்ம கைக்காசு என்னாகும்? – கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் 22 வருஷம் கவுண்டரில் இருந்தவன் நான். பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). மத்திய வங்கியே போனுக்குள் காசு வெளியிட்டால் நம் பாடு என்னவாகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

தலவாக்கலை, தோட்டப் பாடசாலை ஆசிரியை: இப்பவே போன்ல காசு அனுப்புறோம், கடையில கியூஆர் ஸ்கேன் பண்றோம். இதுல புதுசா என்ன இருக்கு சேர்?

டீச்சர், உங்கள் கணக்கில் இருப்பது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். கையில் இருக்கும் நோட்டு மத்திய வங்கி தர வேண்டிய கடன். லங்கா கியூஆரில் ஸ்கேன் பண்ணும்போது வங்கிக் காசுதான் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போகிறது. டிஜிட்டல் ரூபாய் என்றால் அந்த நோட்டே போனுக்குள் வருகிற மாதிரி. நடுவில் வங்கி விழுந்தாலும் அது விழாது. அது நல்ல விஷயம். ஆனால் நோட்டு யார் கைக்குப் போனது என்று மத்திய வங்கிக்குத் தெரியாது. போனுக்குள் இருக்கும் காசு ஒவ்வொரு கை மாறும்போதும் எங்கோ ஒரு பதிவு விழும். அந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த மாதிரிக் காசைப் பஹாமாஸ் 2020 அக்டோபரில் வெளியிட்டது, நைஜீரியா 2021இல். இந்தியா 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதனை நடத்துகிறது. இலங்கையில் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னால் கேட்டால்தான் கேள்விக்கு மதிப்பு.

பொகவந்தலாவ, கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா (மகள் எழுதி அனுப்பியது): ஞாயித்துக்கிழம கைக்காசு வேலைக்குப் போனா அதுல ஒரு அஞ்சு நூறு எடுத்து அரிசி டின்னுக்குள்ள போட்டு வைப்பேன். அவருக்குத் தெரியாது. எல்லாம் போனுக்குள்ள போயிட்டா அதுவும் போயிருமா தம்பி?

அக்கா, இத்தனை கேள்விகளில் என்னைத் தூங்கவிடாதது இதுதான்.

நீங்கள் டின்னுக்குள் போடுகிற நோட்டில் பேர் இல்லை, தேதி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம். குடிக்கிற மனுஷன் இருக்கிற வீட்டில் அந்த டின்தான் பொம்பளையின் வங்கி. எங்கள் அம்மாவும் அப்படித்தான் வைத்திருந்தா. நான் ஓ.எல். எழுதப் போன சப்பாத்து அந்த டின்னிலிருந்து வந்தது.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு நல்ல போன்தான் இருக்கும். அது மகன் கையில் இருக்கும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் கையில். காசு வந்தால் டிங் என்று மெசேஜ் வரும். அதற்கப்புறம் ரகசியம் ஏது?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பெண்ணின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கி வந்த காலம் இருந்தது. சம்பளம் அவள் பேரில் உள்ள கணக்குக்கு வர ஆரம்பித்த பிறகுதான் பல அக்காமார் தங்கள் முழுச் சம்பளம் எவ்வளவு என்றே கண்டார்கள். ஆகவே போனுக்குள் காசு வந்தாலே கேடு என்று நான் சொல்ல மாட்டேன்.

பஹாமாஸில் அடையாள அட்டை காட்டாமலே போனுக்குள் ஒரு சின்ன டிஜிட்டல் காசுப் பை திறக்கலாம். அதில் 500 டொலர் வரை வைத்திருக்கலாம், மாதம் 1,500 டொலர் வரை செலவழிக்கலாம். பெரிய தொகைக்குத்தான் ஆதாரம் கேட்பார்கள். அரிசி டின் அளவு காசை யாரும் எட்டிப்பார்க்காமல் வைத்திருக்க இங்கேயும் வழி வேண்டும். கூடவே நோட்டும் இருக்க வேண்டும். இரண்டையும் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

மஸ்கெலியா, இளைஞர்: அரசாங்கத்துக்குப் பிடிக்காட்டி நம்ம காச அப்படியே நிப்பாட்ட முடியுமா அண்ணா?

இப்பவும் முடியும் தம்பி. 2022 பெப்ரவரியில் கனடாவில் லொறிக்காரர்கள் போராடினபோது அவசரகாலச் சட்டத்தின் கீழ் சிலருடைய வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அங்கே டிஜிட்டல் டொலர் இருக்கவில்லை. நோட்டும் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. 1970இல் என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது 50, 100 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வீட்டில் வைத்திருந்த பெரியவர்கள் பட்ட பாட்டை இன்னும் சொல்வார்கள்.

வித்தியாசம் எத்தனை கை தாண்ட வேண்டும் என்பதில் இருக்கிறது. இன்று ஒரு கணக்கை நிறுத்த உத்தரவு வேண்டும், கடிதம் வேண்டும், கிளையில் ஒருவர் அதைச் செய்ய வேண்டும். அந்தக் கடிதங்களை நானே கையில் வாங்கியிருக்கிறேன். பிழையான ஆளின் பேரில் வந்ததும் உண்டு. நாங்கள் திருப்பி எழுதிக் கேட்டதும் உண்டு. எல்லாக் காசும் ஒரே ஏட்டில் இருந்தால் அப்படித் திருப்பிக் கேட்க நடுவில் ஆள் இருக்க மாட்டான்.

நமக்கு இதில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. ‘துண்டு’ என்று கேள்விப்பட்டிருப்பாய். நம் பாட்டன் பூட்டன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், ‘இந்த ஆள் பேரில் இவ்வளவு கடன், கட்டினால் விடுவோம்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடனும் ஆளோடு கூடவே நடந்து போகும். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். மனுஷனைக் கட்டிப்போடச் சங்கிலி தேவைப்படவில்லை, அவன் கணக்கு அடுத்தவன் கையில் இருந்ததே போதுமாக இருந்தது.

அதனால் டிஜிட்டல் ரூபாயில் சம்பளம் போட்டு, கடைக் கடனையும் நுண்கடன் தவணையையும் நம் கைக்கு வருமுன்னே தானாகக் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது ‘வசதி’ சொன்னால், ஒவ்வொரு கழிவுக்கும் நம் சம்மதம் வேண்டும் என்று முதல் ஆளாக நான் எழுந்து நிற்பேன். ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) விழ எவ்வளவு மலை ஏறி இறங்குகிறோம் என்று நமக்குத்தான் தெரியும்.

பதுளை, குடும்பத்தலைவி: அஸ்வெசும காசுக்கு ‘இத மட்டும்தான் வாங்கலாம்’னு பூட்டுப் போட்டுருவாங்களா?

அஸ்வெசும என்கிற அரசாங்க நிவாரணக் காசுக்கும் அப்படிப் பூட்டுப் போடத் தொழில்நுட்பம் இடம் கொடுக்கும். 2020 அக்டோபரில் சீனாவின் ஷென்ஷென் நகரத்தில் குலுக்கலில் 50,000 பேருக்கு ஆளுக்கு 200 யுவான் டிஜிட்டல் காசு கொடுத்தார்கள். குறிப்பிட்ட கடைகளில், ஒரு வாரத்துக்குள் செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். ஐரோப்பிய மத்திய வங்கியோ டிஜிட்டல் யூரோவில் அப்படிப் பூட்டு இருக்காது என்று சொல்லியிருக்கிறது. பூட்டுவதும் விடுவதும் ஆள்பவர்கள் எடுக்கும் முடிவுதான்.

குடித்துவிடுவார்கள், அதனால் பூட்டு நல்லது என்று நம் ஆட்களே சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த மாதம் அரிசியை விட மகளுக்குக் கண்ணாடிதான் அவசரம் என்று அந்தத் தாய்க்குத் தெரியும், கொழும்பில் இருக்கும் கணினிக்குத் தெரியாது.

பண்டாரவளை, சில்லறைக் கடை முதலாளி: எங்க கடைக்குப் பின்னால போனாத்தான் சிக்னல். கரண்ட் போனா என்ன செய்றது?

முதலாளி, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அன்று உங்கள் கடையில் என்ன ஓடியது? நோட்டும் கடன் கொப்பியும்தான். இணையம் இல்லாமல் போனிலிருந்து போனுக்குக் காசு போகும் முறையை இந்தியாவில் சோதிக்கிறார்கள். நல்ல முயற்சிதான், ஆனால் சார்ஜ் இறங்கின போனுக்கு அதுவும் உதவாது. நைஜீரியாவில் 2023 தொடக்கத்தில் பழைய நோட்டை மாற்றப் போய்க் கையில் காசில்லாமல் சனம் தெருவில் இறங்கியது. டிஜிட்டல் நைரா அப்போது வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அது கைகொடுக்கவில்லை.

நுவரெலியா, மரக்கறித் தோட்டக்காரர்: இது வந்தா விலைவாசி குறையுமா?

குறையாது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது நோட்டும் கணக்குக் காசும் ஒன்றாகத்தான் தேய்ந்தன. போன் காசும் அதே ரூபாய்தான்.

நாவலப்பிட்டி, கம்பஸ் மாணவி: டிஜிட்டல் அடையாள அட்டையோட இதை இணைச்சா நம்ம ஆட்களுக்கு லேசாகுமா, கஷ்டமாகுமா அண்ணா?

தங்கச்சி, 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்து நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 2003 வரை அதைச் சட்டத்தால் சரிசெய்துகொண்டே இருந்தார்கள். அந்தக் காலத்தின் பேர்ப் பிழைகள் இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழில் இருக்கின்றன. செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர். லயத்துக்கு இலக்கமே இல்லாமல் ‘தோட்டம், மேல் டிவிஷன்’ என்று முகவரி.

அம்மாவை ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். கட்டைவிரலை அந்தக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தா. சிவப்பு. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளின விரல், ரேகை தேய்ந்து, வெடிப்பில் கறை ஏறிக் கறுத்துப்போயிருந்தது. ஏழாவது தடவை அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, ‘நான் இல்லையாமா?’ என்று கேட்டா.

விரல் படியாவிட்டால் என்ன வழி என்று முதலில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் இணைக்கட்டும். பதிவுகளை யார் பார்க்கலாம் என்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். படித்த பிள்ளைகள் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வெள்ளவத்தையில் கடையில் வேலை செய்யும் தம்பி, ஊர் ராகலை: நல்லதே இல்லையா அண்ணா?

இருக்கிறது. நீ வீட்டுக்கு அனுப்பும் 5,000 ரூபாயை எடுக்க அம்மா த்ரீவீலுக்குக் காசு கொடுத்து டவுனுக்கு வந்து, பத்தாந்தேதி சம்பளக் கூட்டத்தோடு ஏடிஎம் வரிசையில் நிற்கிறா. தோட்டக் கடையிலேயே, கட்டணமில்லாமல் அது கைக்கு வந்தால் அரை நாள் பேர் மிச்சம். வங்கிக் கணக்கே இல்லாதவருக்கும் அது கிடைக்கும். இதற்காக இதை நான் வரவேற்பேன்.

ஹட்டன், ஓய்வுபெற்ற ஒரு ஐயா: ஈபிஎஃப் காச வங்கியில போட்டிருக்கேன். பயமா இருக்கு, எடுத்துரட்டுமா?

வேண்டாம் ஐயா. அனுமதிப்பத்திரம் பெற்ற ஒரு நிறுவனத்தில் ஒருவர் வைக்கும் வைப்புக்கு 11 லட்சம் ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது. உங்கள் தொகை அதற்கு மேலே என்றால் இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள். வீட்டில் ஒரு மாதச் செலவுக்கு நோட்டாக வையுங்கள். ‘டிஜிட்டல் ரூபாய் வந்துவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று யாராவது போன் எடுத்தால் கள்ளன். வைத்துவிடுங்கள்.