பென் ஸ்டோனின் ராஜினாமா: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘லா அண்ட் ஆர்டர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு அதன் நான்காவது சீசனின் 22 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். தென்மாவட்டம் ஒன்றில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் நான். ஆகவே இதை வெறும் பொழுதுபோக்காக என்னால் பார்க்க இயலவில்லை. மூன்று குறைகள் தோன்றுகின்றன.

முதலாவது, முன்பாதியில் போலீஸ் அரும்பாடுபட்டுக் கைப்பற்றும் துப்பாக்கியையும் வாக்குமூலத்தையும் பின்பாதியில் நீதிபதி ஏதோ ஒரு நடைமுறைப் பிழையைச் சொல்லி ஒதுக்கிவிடுகிறார். இது பார்ப்பவரைத் தவிக்கவைப்பதற்கான உத்தியாகவே எனக்குப் படுகிறது. இரண்டாவது, கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீலும் அரசு வழக்கறிஞரும் எதிரெதிரே உட்கார்ந்து, மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதுபோலத் தண்டனை ஆண்டுகளைப் பேசி முடிக்கிறார்கள். மூன்றாவது, கடைசிப் பகுதியில் தன் சாட்சி கொல்லப்பட்டதும் அரசு வழக்கறிஞர் பென் ஸ்டோன் செய்யும் ராஜினாமா. சாட்சியைப் பறிகொடுக்காத அரசு வழக்கறிஞர் எங்கே இருக்கிறார்? நடிகருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் சச்சரவு வந்ததால் அவசரமாக ஒரு சோகத்தை ஒட்டவைத்து அவரை அனுப்பிவிட்டார்கள் என்று படித்தேன். அடுத்த சீசனைத் தொடரலாமா என்றும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் மூன்று குறைகளாகச் சொல்லியிருப்பவை என் பார்வையில் ஒரே விஷயத்தின் மூன்று நிலைகள். சான்றுப்பொருள் ஒதுக்கப்படும்போது வழக்கின் பாரம் மனிதர்கள்மேல் இறங்குகிறது; அந்த மனிதர்களைச் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவரத்தான் பேரம் நடக்கிறது; பேரத்தால் கொண்டுவர முடியாதவரைக் கட்டாயப்படுத்தவேண்டியிருக்கிறது. ஸ்டோனின் ராஜினாமா அந்தக் கடைசிப் படியில் நிகழ்கிறது. 1993 செப்டம்பரில் தொடங்கி 1994 மே மாதத்தில் முடிந்த இந்த சீசனை நான் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

முதலில் சான்றுப்பொருள். கதை நடப்பது மன்ஹாட்டனில், நியூயார்க் மாநிலச் சட்டத்தின் கீழ். சட்டவிரோதமான சோதனையில் கிடைத்த பொருளை மாநில நீதிமன்றங்களும் ஏற்கக்கூடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1961இல், மேப் வழக்கில் தீர்ப்பளித்தது. காவலில் இருப்பவரிடம் அவருடைய உரிமைகளைச் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்கவேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பு 1966இல் வந்தது. வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் புகுந்து ஒருவரை வழக்கமான முறையில் கைதுசெய்யக்கூடாது என்ற பேட்டன் தீர்ப்பு 1980இல் வந்தது. அது நியூயார்க்கிலிருந்தே போன வழக்கு. இவை அந்த ஊர் நீதிமன்றங்களின் அன்றாடத்தில் எவ்வளவு ஊறியவை என்றால், விசாரணைக்கு முந்தைய அமர்வுகளையே வழக்குகளின் பெயரால்தான் அழைக்கிறார்கள். பொருளைப் பற்றிய தகராறு என்றால் மேப் அமர்வு, வாக்குமூலம் என்றால் ஹண்ட்லி அமர்வு, அடையாளம் காட்டுதல் என்றால் வேட் அமர்வு. ஆகவே எழுத்தாளர்கள் இல்லாத தடையொன்றைக் கற்பனையில் நட்டுவைக்கவில்லை. பல மாதங்கள் இழுக்கக்கூடிய அமர்வுகளை நான்கு நிமிடக் காட்சியாகச் சுருக்கியதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட சலுகை. அதில் உங்கள் எரிச்சல் நியாயமானது.

உங்களுக்கு அது செயற்கையாகத் தோன்றுவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். நம் நாட்டு ஏற்பாடு இதற்கு ஏறத்தாழ நேர் எதிரானது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முறைகேடான சோதனையில் கிடைத்த பொருளானாலும் வழக்குக்குத் தொடர்புடையதென்றால் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று நம் உச்சநீதிமன்றம் 1973 டிசம்பரில் சொல்லிவிட்டது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமோ பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, இன்றைய சட்டத்தில் 23ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது. அங்கே போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் முறைப்படி பெறப்பட்டதென்றால் அது வழக்கின் முதுகெலும்பு. முறைகேடாகக் கைப்பற்றிய கத்தி வெறும் இரும்பு. இரண்டு சட்டங்களுமே போலீஸை நம்பவில்லை. அவநம்பிக்கையை எங்கே வைப்பது என்பதில்தான் வேறுபடுகின்றன.

கத்தியும் வாக்குமூலமும் போனபின் அரசுத் தரப்பிடம் மிஞ்சுவது யார்? பெரும்பாலும் கூட்டாளி. நம்மூரில் அப்ரூவர் என்று சொல்வோமே, அவர். ஆனால் நியூயார்க் சட்டம் கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க அனுமதிப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றத்தோடு இணைக்கும் வேறு சான்று கட்டாயம் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த மாநிலத்தில், ஒருவர்மேல் குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியின் முன் சாட்சி சொல்ல அழைக்கப்படுபவர், தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தாலொழிய, தாம் சாட்சி சொல்லும் விஷயத்தில் வழக்கிலிருந்தே விலக்குப் பெற்றுவிடுகிறார். 16 முதல் 23 பேர் வரை உட்கார்ந்திருக்கும் அந்த அறைக்குள் தவறான ஆளை அழைத்துவிட்டால் கொலைகாரனுக்கே கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். ஆகவே யாரை அழைப்பது, யாரிடம் முதலில் பேசுவது என்ற கணக்கு கைது நடந்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. நீங்கள் சந்தைப் பேரம் என்று சொன்னது இந்தக் கணக்கின் வெளித்தோற்றம்.

பேரத்துக்கு எளிய காரணமும் இருக்கிறது. 1993இல் நியூயார்க் நகரத்தில் 1,900க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. அத்தனையையும் ஜூரியின் முன் கொண்டுபோக எந்த அலுவலகத்தாலும் முடியாது. அமெரிக்க மாநில நீதிமன்றங்களில் தண்டனைகளில் 94 விழுக்காடு குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றமே 2012இல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. ஜூரி விசாரணைதான் அங்கே விதிவிலக்கு.

அந்தக் காட்சிகளில் அடிக்கடி வரும் ஒரு தொகையைக் கவனித்திருப்பீர்கள்: எட்டு ஆண்டு நான்கு மாதம் முதல் 25 ஆண்டுவரை. முதல்முறை கேட்கும்போது இதென்ன விசித்திரமான எண் என்று தோன்றும். அன்றைய நியூயார்க்கில் இத்தகைய குற்றங்களுக்கு நீதிபதி ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் சொல்லித் தண்டிப்பார். கீழெல்லை பொதுவாக மேலெல்லையில் மூன்றிலொரு பங்கு. முதல்நிலை ‘மேன்ஸ்லாட்டர்’ குற்றத்துக்கு, அதாவது கொலை என்ற அளவுக்குப் போகாத மரணம் விளைவித்தலுக்கு, உச்சம் 25 ஆண்டு என்பதால், 25ஐ மூன்றால் வகுத்தால் எட்டு ஆண்டு நான்கு மாதம் வருகிறது. இரண்டாம் நிலைக் கொலையென்றாலோ குறைந்தது 15 ஆண்டில் தொடங்கி ஆயுள்வரை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஸ்டோன் தன் பணிக்காலம் முழுவதையும் கழிக்கிறார். மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் அவருடைய மேலதிகாரி, மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆடம் ஷிஃப், ஜெயிப்போமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, பெரும்பாலும் ‘கொடுப்பதை வாங்கிக்கொள்’ என்ற பாவனையில் முடித்துவிடுவார். ஸ்டீவன் ஹில் அந்த அலுப்பை நடித்திருக்கும் விதத்துக்காகவே நான் சில பகுதிகளை மீண்டும் பார்த்ததுண்டு.

கூட்டாளியின் சொல் தனித்து நிற்காதென்றால் அதைத் தாங்க இன்னொருவர் வேண்டும். குற்றத்தில் பங்கில்லாத, தற்செயலாக எதையோ பார்த்துவிட்ட, கேட்டுவிட்ட ஒருவர். சட்டத்தின் கண்ணில் அவரைவிட மதிப்புள்ள சாட்சி கிடையாது. ஆனால் அவரிடம் பேரம் பேச எதுவும் இல்லை, ஏனென்றால் அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. கூட்டாளிக்குக் குறைந்த தண்டனை கிடைக்கும். இவருக்குக் கிடைப்பது சம்மன் மட்டுமே. வர மறுத்தால் முக்கிய சாட்சி என்று நீதிமன்ற ஆணை பெற்று அவரைப் பிடித்துவைக்கவும் நியூயார்க் சட்டத்தில் வழியுண்டு. சாட்சிகளுக்குப் புதுப் பெயரும் புது ஊரும் கொடுக்கும் திட்டம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது என்றாலும் அது மத்திய அரசின் கையில் இருப்பது. மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் கேட்டுப் பார்க்கலாம், ஆணையிட முடியாது. குற்றமற்றவரிடம்தான் அதிகம் கேட்கிறார்கள், அவருக்குத்தான் குறைவாகக் கொடுக்கிறார்கள். நான்காவது சீசனின் கசப்பு இந்த இடத்தில் இருக்கிறது.

இப்போது ‘ஓல்டு ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அந்தக் கடைசிப் பகுதிக்கு வருவோம். ரஷ்ய மாஃபியா கும்பலைச் சேர்ந்த ஒருவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒரு பெண் தயங்குகிறாள். அலிசன் ஜானி நடித்த பாத்திரம். அந்தத் தயக்கத்தை அவர் பெரிய அழுகையாக்காமல் நடித்திருக்கிறார். தன்னை எதிர்த்து நிற்பவர்கள் யார் என்று அறிந்த ஒருத்தியின் நிதானமான அச்சம் அது. ஸ்டோன் அவளை வற்புறுத்திக் கூண்டில் ஏற்றுகிறார். பின்னர் அவள் கொல்லப்படுகிறாள். சாட்சியைப் பறிகொடுக்காத அரசு வழக்கறிஞர் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நம்மூரில் நீங்கள் பறிகொடுத்த சாட்சிகளில் பலர் பிறழ்சாட்சிகளாகியிருப்பார்கள். பயந்து பின்வாங்கினார்கள், வழக்கு தோற்றது, அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பிறழ்வதற்கான அந்த வழியைத்தான் ஸ்டோன் இந்தப் பெண்ணுக்கு அடைத்துவிட்டார். அவர் செய்ததில் சட்டமீறல் ஏதுமில்லை, அதிகாரத் துஷ்பிரயோகமும் இல்லை. பணி அவரிடம் எதைக் கேட்டதோ அதைத் திறம்படச் செய்தார். அதனால்தான் அவரைத் தண்டிக்க ஒருவரும் இல்லை, தானே விலகவேண்டியிருக்கிறது.

இது திடீரென்று ஒட்டப்பட்டதும் அல்ல. இதே சீசனின் ‘அமெரிக்கன் ட்ரீம்’ பகுதியை நினைத்துப்பாருங்கள். பிணமே கிடைக்காமல், மனிதர்களின் சொல்லை நம்பி பல ஆண்டுகளுக்கு முன் ஸ்டோன் வென்ற ஒரு கொலைவழக்கு, எலும்புகள் கிடைத்ததும் ஆட்டம்காண்கிறது. தண்டனை பெற்றவனே தனக்காக வாதாடத் தொடங்குகிறான். தான் கூண்டில் ஏற்றியவர்கள் சொன்னதெல்லாம் உண்மையா என்ற கேள்வி அங்கேயே ஸ்டோனுக்குள் நுழைந்துவிடுகிறது. மைக்கேல் மொரியார்ட்டி அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த ஒரு சிறு பழக்கம் உண்டு. குறுக்கு விசாரணையில் எதிரில் இருப்பவனை ‘சார்’ என்று அழைத்தபடியே இருப்பார். கோபம் ஏற ஏற அந்த மரியாதை கூடும், குரல் தாழும். முறையைக் கைவிடாமலே ஒருவனை நசுக்கமுடியும் என்று நம்பும் மனிதர் அவர். முறையைக் கைவிடாமலே குற்றமற்ற ஒருத்தியையும் சாகக்கொடுக்கமுடியும் என்பது அப்படிப்பட்டவருக்குத் தாங்கக்கூடிய செய்தி இல்லை.

நடிகரின் சச்சரவு உண்மைதான். தொலைக்காட்சி வன்முறையைக் கட்டுப்படுத்துவது குறித்து அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோவுடன் 1993 நவம்பரில் நடந்த சந்திப்புக்குப் பிறகு மொரியார்ட்டி அவரை வெளிப்படையாகத் தாக்கிப் பேசினார். அது அவர் தொடரைவிட்டு விலகுவதில் போய் முடிந்தது. ஆனால் ஒரு நடிகர் ஏன் போனார் என்பதும் அந்தப் பாத்திரம் எப்படிப் போனது என்பதும் வேறு வேறு. இந்தத் தொடர் ஆட்களை அனுப்புவதில் சற்றும் கருணையற்றது. துப்பறிவாளர் கிரீவியை இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்து வந்த செரேட்டா குண்டடிபட்டு வேறு பணிக்குப் போனார். இந்த சீசனுக்கு முன்னர், பெண் பாத்திரங்கள் வேண்டும் என்று ஒளிபரப்பு நிறுவனமான என்.பி.சி. வற்புறுத்தியதால் போலீஸ் கேப்டன் கிரேகனும் ஸ்டோனின் உதவி வழக்கறிஞர் ராபினெட்டும் விடைபெறும் காட்சிகூட இல்லாமல் காணாமல் போனார்கள். அந்த இடங்களில்தான் எபேதா மெர்கர்சனின் வான் பியூரனும் ஜில் ஹென்னெஸியின் கிளேர் கின்கெய்டும் வந்தார்கள். (மெர்கர்சன் முதல் சீசனின் ‘மஷ்ரூம்ஸ்’ பகுதியில் குழந்தையைப் பறிகொடுக்கும் தாயாக நடித்திருக்கிறார். கிடைத்தால் அவசியம் பாருங்கள்.) ஸ்டோனையும் ஒரு துப்பாக்கிக் குண்டால் முடித்திருக்கலாம், நீதிபதியாக்கி அனுப்பியிருக்கலாம். அவருக்கு மட்டும் அவருடைய வேலையிலிருந்தே பிறந்த ஒரு வெளியேற்றத்தை எழுதியிருக்கிறார்கள்.

சீசன் முழுவதும் இதே தரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சி மேடையில் கொலை நடக்கும் முதல் பகுதியான ‘ஸ்வீப்ஸ்’, ஊடகத்தைத் திட்டும் அவசரத்தில் மனிதர்களை மறந்துவிடுகிறது. நியூயார்க் நகரத்தில் கறுப்பினத்தவருக்கும் யூதர்களுக்கும் இடையே மூண்ட 1991ஆம் ஆண்டு கிரவுன் ஹைட்ஸ் கலவரத்தின் நிழலில் எழுதப்பட்ட ‘சாங்க்சுவரி’ எனக்கு மிகப் பிடித்தது. கலவரத்தில் நடந்த கொலைக்குக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனை மாநில நீதிமன்றத்தின் ஜூரி 1992இல் விடுவித்திருந்தது. அந்தப் புண் ஆறாத நகரத்தில் அதை ஒளிபரப்பினார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஷம்பாலா கிரீனாக லொரெய்ன் டூசாண்ட் வரும் காட்சிகளில் ஸ்டோனின் நியாயங்கள் சிறுத்துப்போவதை எழுத்தாளர்கள் மறைக்கவில்லை.

ஐந்தாவது சீசனைத் தயங்காமல் தொடருங்கள். ஸ்டோனின் இடத்துக்கு வரும் சாம் வாட்டர்ஸ்டனின் ஜாக் மெக்காய் அவரைப்போல் தன்னைத்தானே குடைந்துகொள்பவர் இல்லை. சாட்சியை வளைக்கவேண்டுமென்றால் வளைப்பார், அன்றிரவு நன்றாகவும் உறங்குவார் என்று தோன்றும். ஆகவே ஸ்டோன் கேட்ட கேள்விகளை இனி கிளேர் கின்கெய்ட்தான் கேட்கவேண்டியிருக்கிறது. 1995இல் நியூயார்க் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. எட்டு ஆண்டு நான்கு மாதத்துக்கும் ஆயுளுக்கும் நடுவில் நடந்துவந்த அந்தப் பேரத்தில் உயிரும் சேர்ந்துகொள்வதை ஆறாவது சீசனில் பார்ப்பீர்கள். அதைப் பார்த்தபிறகு எழுதுங்கள், ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.