மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீடு. கீழே தறி, மேலே குடியிருப்பு. கழற்றி மாட்டும் பேட்டரி இரண்டு உள்ள மின்சார ஸ்கூட்டர், ஏற்காட்டில் என் மாமனாரின் காப்பித் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர், மகனின் டிரில், எமர்ஜென்சி லைட், பொம்மைக்குப் போடும் ரீசார்ஜ் செல் என்று எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறோம். சில நாள் அந்தப் பெட்டி சூடாகிறது. ஒரே இடத்தில் பத்திரமாக சார்ஜ் போட என்ன ஏற்பாடு செய்யலாம்?

பதில்: சாமான் எதுவும் வாங்குவதற்கு முன்னால், இன்றைக்கே அவற்றை மாடிப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். மேலே தூங்குகிறவர்களுக்கு இறங்கி வர அந்தப் படி ஒன்றுதான் வழி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டிருப்பீர்கள், அதன் வழியாக இறங்க முடியாது. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் தீயைவிட வேகமாகப் பரவுவது புகை. படிக்கட்டு புகைபோக்கி மாதிரி அதை நேராக மேலே இழுத்துவிடும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்களும் இருக்கும். அதனால் எங்கே வைப்பது என்று பார்க்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே தீப்பிடித்தால் எல்லோரும் வேறு பக்கமாக வெளியே போக முடியுமா? முடியாது என்றால் மற்ற வசதி எத்தனை இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

உங்களைப் போன்ற வீட்டுக்கு நான் சொல்வது கொல்லைப்புறச் சுவரை. மழைச் சாரல் படாமல் மேலே சன்ஷேடு இருக்க வேண்டும். நேர் மேலே படுக்கையறை ஜன்னல் இருக்கக் கூடாது. கேஸ் சிலிண்டர், பெட்ரோல் வண்டி, நூல் மூட்டை எதுவும் பக்கத்தில் வேண்டாம். திருட்டுப் பயம் இருந்தால் கம்பிக் கதவு போட்டுக்கொள்ளுங்கள், காற்று வரட்டும். மேற்குச் சுவரையும் தகரக் கூரையையும் தவிர்ப்பது நல்லது. பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலில் வெளியே 40ஐத் தொடும்போது, தகரத்துக்குக் கீழே அந்த 45 சுலபமாக வந்துவிடும்.

பேட்டரிகளை வைக்கும் தட்டுக்குக் கடப்பாக்கல் போதும். சமையலறை வேலையில் மிச்சமான துண்டு இருந்தாலும் சரி. அது எரியாது, சூட்டையும் தாங்கும். பிளைவுட், பிளாஸ்டிக் ரேக், பேப்பர் விரிப்பு வேண்டாம். சிலர் பாதுகாப்பு என்று நினைத்து இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி சார்ஜ் செய்கிறார்கள். பேட்டரி கெட்டால் வாயு வெளிவரும். போக வழியில்லாவிட்டால் பெட்டியே வெடிக்கலாம். திறந்த கல் தட்டுதான் நல்லது. ஸ்கூட்டர் பேட்டரி இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டடி விடுங்கள், ஒன்று போனாலும் மற்றது உடனே பற்றாமல் இருக்க.

இனி அந்தப் பெட்டி ஏன் சூடாகிறது என்று பார்க்கலாம். ஸ்கூட்டர் பேட்டரி 48 வோல்ட், சார்ஜர் 10 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் அந்த வகை பேட்டரி 54.6 வோல்ட்டில் நிற்கும். அப்படியானால் சார்ஜர் கொடுப்பது சுமார் 550 வாட், சுவரிலிருந்து இழுப்பது 600 வாட் அளவில். 230 வோல்ட்டில் இது 2.6 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 5 ஆம்பியரைத் தாண்டும். அதோடு ஸ்பிரேயரும் டிரில்லும். 6 ஆம்பியர் பெட்டி, மெல்லிய ஒயர், மூன்று நான்கு மணி நேரம் விடாமல் ஓட்டம் என்றால் சூடாகாமல் என்ன செய்யும்? பிளக்கை உருவி அதன் பித்தளைப் பின்னைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் கறுத்தோ, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பாக இளகியோ இருந்தால் உள்ளே பிடிமானம் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்காமல் தூக்கிப் போடுங்கள்.

வயர்மேனைக் கூப்பிட்டு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், அதற்கென்று 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்). சுவரில் 16 ஆம்பியர் பாயிண்ட் இரண்டு, ஸ்கூட்டர் சார்ஜர்களுக்கு மட்டும். சின்னச் சாமான்களுக்கு 6 ஆம்பியர் பாயிண்ட் மூன்று. எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்விட்ச், அதுவும் தட்டிலிருந்து தள்ளி, எட்டாமல் போகாத இடத்தில். தீ தெரியும்போது தீக்கு மேலே கை நீட்டி ஸ்விட்சைத் தேடக் கூடாது. எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று வயர்மேன் அளந்து காட்டட்டும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாகவே இருக்கும். சில இடங்களில் நியூட்ரலையே எர்த்தோடு கோத்துவிடுகிறார்கள், அது உயிருக்கு ஆபத்து. எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது.

ஒயரிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் சார்ஜர் மாறினால் பேட்டரி கெடும். வீடுகளில் அதிகம் நடக்கும் தவறும் இதுதான். உங்கள் ஸ்பிரேயரின் அடியில் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிதான் இருக்கும், அதன் சார்ஜர் 14 வோல்ட் அளவில் கொடுக்கும். "12 வோல்ட்" என்று எழுதிய டிரில் பேட்டரி மூன்று லித்தியம் செல் கோத்தது. செல்லுக்கு 4.2 வீதம் 12.6 வோல்ட்டோடு அது நிரம்பிவிடும். இரண்டுக்கும் அதே உருண்டைப் பின் இருந்தால் தாராளமாகச் சொருகிக்கொள்ளும். பேட்டரிக்கு உள்ளே செல்களைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சின்ன போர்டு சரியாக இருந்தால் தடுக்கும். அது பழுதானால் செல் ஒன்றுக்கு 4.6 வோல்ட்டுக்கு மேல் ஏறும், அப்போதுதான் வீங்குவதும் வெடிப்பதும். ஆகவே ஒவ்வொரு சார்ஜருக்கும் அதன் பேட்டரிக்கும் ஒரே நிற டேப் சுற்றுங்கள். ஸ்கூட்டர் சார்ஜர் கெட்டால் கம்பெனி சார்ஜரையே வாங்குங்கள், "இதே வோல்ட்தான்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். பொம்மை செல்களில் ரீசார்ஜபிள் என்று எழுதாத சாதா அல்கலைன் செல் கலந்து சார்ஜரில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கசியும்.

தறி வீட்டில் இன்னொன்று உண்டு. பஞ்சுத் தூசி. ஸ்கூட்டர் சார்ஜரின் விசிறி அதை உள்ளே இழுத்துக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும், சார்ஜர் வெந்துபோகும். வாரம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிவிட்டுக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ராத்திரி முழுக்க விடும் பழக்கத்தை விடச் சொல்வது சிரமம்தான், தெரிகிறது. ஆனால் விட்டுத்தான் ஆக வேண்டும். மாலை வந்ததும் அரை மணி, ஒரு மணி ஆறவிட்டுப் போட்டால், தூங்கப்போகும் நேரத்துக்குள் முடிந்துவிடும். முடியாவிட்டால் டைமர் பாயிண்ட் வையுங்கள். தட்டு இருக்கும் சுவரின் வீட்டு உள்பக்கத்தில் ஒன்று, மாடியில் ஒன்று என்று புகை அலாரம் மாட்டுங்கள். தறி ஓடும்போது கீழே அடிப்பது கேட்காது, மேலேயும் ஒன்று வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதை இந்த இடத்தில் சேர்க்காதீர்கள். அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி போதும்.

ஸ்கூட்டரில் ஏற்காடு போவீர்கள் என்றால் ஒரு கணக்கு. சேலத்திலிருந்து மலை உச்சிக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். வண்டியும் இருவரும் சேர்ந்து 250 கிலோ என்றால் உயரத்துக்கு மட்டுமே 0.8 யூனிட் மின்சாரம் போகும். 48 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் மொத்தமே 1.4 யூனிட்தான். அந்த ஏற்றத்தில் பேட்டரி நன்றாகச் சூடேறும், தோட்டத்தில் இறங்கியதும் சார்ஜில் போடாதீர்கள். அங்கே நிறையவும் போட வேண்டாம். பிரேக்கில் மின்சாரத்தைத் திரும்ப ஏற்றும் வண்டியாக இருந்து, 100 சதவீதத்தோடு இறங்கினால் அந்த மின்சாரத்துக்கு இடமில்லாமல் பிரேக்கின் அந்த உதவி குறையும். 80 சதவீதம் போதும், இறக்கம்தானே. கோடை இடியின்போது மலையில் சார்ஜரின் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள்.

வீங்கிய, கீழே விழுந்து நசுங்கிய, தண்ணீரில் முழுகிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜில் இருக்கும்போது இனிப்பான கெமிக்கல் வாசனையோ உஸ் என்ற சத்தமோ வந்தால், தள்ளியிருக்கும் ஸ்விட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து 101க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். புகையும் ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பவுடர் அணைப்பான் சுற்றியுள்ள தீயை அடக்கும், பேட்டரி மறுபடி பற்றும். அதைக் குளிரவைக்க நிறையத் தண்ணீர்தான் வேண்டும், அது தீயணைப்பு வீரர்கள் வேலை.

பழசானவற்றை இரும்புக்கடைக்குப் போட வேண்டாம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வாங்கிய கடையிலேயே கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஸ்பிரேயரின் லெட்-ஆசிட் பேட்டரிக்குப் பழைய விலையும் கழித்துக்கொள்வார்கள்.