விலையைச் சொல்லுங்கள், போனை எடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

மேடம், சின்னாளப்பட்டியில் மாமனார் காலத்திலிருந்து சுங்குடி சேலை வியாபாரம் செய்கிறோம். மகன் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி தினமும் பதிவு போடுகிறான். நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டுச் சேலை வாங்கியவர்கள் என்று பார்த்தால் யாரும் தேறவில்லை. இன்ஸ்டாகிராமுக்குக் காசு கட்டி, பதிவை இன்னும் நிறைய பேருக்குக் காட்டும்படி 'பூஸ்ட்' பண்ணினால் எல்லாம் சரியாகும் என்கிறான். கட்டலாமா?
– வாசகி, சின்னாளப்பட்டி

இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்டிருந்த பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது 'காலை வணக்கம்'. அடுத்து பிரதோஷ வாழ்த்து. அதற்கும் அடுத்து ஒரு நடிகையின் படத்தில் உங்கள் கடைப் பெயர். அதை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். அனுமதி வாங்காமல் போட்ட படம் வீண் வம்பு.

சேலைப் படங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே 'விலைக்கு டிஎம் செய்யவும்' என்று ஒரே வரி, அதாவது தனிச் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். அம்மா, விலை கேட்கிறவர்தான் வாங்க வந்தவர். அவரை வாசலிலேயே நிறுத்தி, 'தனியாக வந்து கேளுங்கள், காதில் சொல்கிறேன்' என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பக்கத்துக் கடைக்காரருக்கு விலை தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் போலிருக்கிறது. அவருக்கு அது எப்போதோ தெரியும்.

விலை, நீளம், ரவிக்கைத் துணி சேர்த்தா இல்லையா, முதல் அலசலில் சாயம் போகுமா, கூரியர் எவ்வளவு. கடைக்கு வரும் பெண்கள் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இதை எழுதுங்கள்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் பெரிய சொத்தை மகன் படம் எடுக்கவே இல்லை. துணியை நகத்தால் துளித் துளியாகக் கிள்ளித் தூக்கி, நூல் சுற்றி இறுக்கி, சாயத்தில் முக்குகிறார்கள். காய்ந்த பிறகு துணியை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறிக்கும். உள்ளேயிருந்து வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். அந்தச் சத்தத்தோடு அரை நிமிடம் எடுத்துப் போடுங்கள். சினிமாப் பாட்டெல்லாம் சேர்க்க வேண்டாம். முடிச்சுப் போடும் அம்மாவிடம் சம்மதம் கேட்டுவிட்டு அவர் கையை மட்டும் காட்டினாலும் போதும்.

கையால் முடிச்சிட்ட சேலை இன்று குறைவு, மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்ட்டும்தான் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரிண்ட் சேலை விற்பதில் ஒரு தப்பும் இல்லை. விலை குறைவு, தினம் கட்டிக்கொள்ளத் தோது. ஆனால் எது முடிச்சு, எது பிரிண்ட் என்று பதிவிலேயே சொல்லிவிடுங்கள். மதுரை சுங்குடி 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. பெயரைக் கேட்டுத் தேடி வருகிறவர் துணியைப் புரட்டிப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து கூகுள் மேப். திண்டுக்கல் – மதுரை சாலையில் போகிற குடும்பம் காரில் உட்கார்ந்தபடியே 'சுங்குடி சேலை' என்று தேடும். அந்த நேரத்தில் இன்ஸ்டாகிராமை யாரும் திறக்க மாட்டார்கள். மேப்பில் உங்கள் கடையின் குறி மூன்று தெரு தள்ளி நிற்கிறது. அதில் போட்டிருக்கும் நம்பரைக் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை; பழைய நம்பராக இருக்க வேண்டும். கூகுள் பிசினஸ் கணக்குக்குக் காசு கிடையாது. குறியைச் சரியான இடத்துக்கு நகர்த்தி, போர்டு தெரிகிற மாதிரி கடை முகப்பைப் படம் எடுத்துப் போட்டு, வார விடுமுறை எந்தக் கிழமை என்றும் எழுதிவிடுங்கள்.

கடைசியாக வாட்ஸ்அப். வாடிக்கையாளர் மாதிரி நான் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். மறுநாள் ராத்திரி 'ஹாய்' என்று பதில் வந்தது! மகன் வேலைக்குப் போய்விடுகிறான் என்றால் அந்த போன் கல்லாவில் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது, அதுவும் இலவசம்தான். சேலைகளைப் படமும் விலையுமாக அதில் அடுக்கி வைக்கலாம். அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்து ஒரே தட்டலில் அனுப்பலாம்.

இவ்வளவும் ஆன பிறகு, காசு செலவழிக்காமலே நாலு பேர் விலை கேட்ட பதிவு எது என்று பாருங்கள். அந்த ஒன்றை மட்டும் பூஸ்ட் செய்யலாம். நோக்கம் என்ன என்று கேட்கும்போது லைக்கோ ஃபாலோயரோ வேண்டாம், செய்தி வருவதைத் தேர்ந்தெடுங்கள். ஊர்களையும் நீங்களே குறிப்பிடுங்கள்.

புது கிளினிக் திறக்கிறேன். பிரஸ் மீட் வைத்து, வரும் நிருபர்களுக்குக் 'கவர்' கொடுக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு வைப்பது?
– மருத்துவர், நாமக்கல்

ஒன்றும் வைக்காதீர்கள். காபி கொடுங்கள், போதும். சொல்லப்போனால் பிரஸ் மீட்டே வேண்டாம். மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைகளில், தொழில் தொடங்குவதையும் முகவரி மாறுவதையும் பத்திரிகையில் அறிவிக்க இடம் இருக்கிறது. நோயாளிகளைக் கூவி அழைக்க இடம் இல்லை. முகவரியும் நேரமும் போட்டு ஒரு சின்ன அறிவிப்பு கொடுத்தால் போதும்.

அக்கா, நெல்லையில் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். சென்னையில் ஒரு பிஆர் (மக்கள் தொடர்பு) நிறுவனத்தில் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. அப்பா 'விளம்பரக் கம்பெனி வேலைதானே' என்கிறார். அங்கே உண்மையில் என்ன வேலை?
– மாணவர், திருநெல்வேலி

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள், தம்பி. விளம்பரத்தில் இடத்துக்குக் காசு கட்டுகிறோம், நம் இஷ்டப்படி எழுதிக்கொள்ளலாம். பிஆரில் இடம் நிருபருடையது. போடுவதும் குப்பையில் போடுவதும் அவர் விருப்பம்.

பயிற்சியாளராகப் போனால் காலையில் எல்லாப் பேப்பரையும் புரட்டி, நிறுவனத்தின் பெயர் வந்த செய்திகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அப்புறம் செய்திக் குறிப்பு எழுதுவது, நிருபர்களுக்குப் போன் போடுவது, திட்டு வாங்குவது. பக்கம் முடிக்கிற சாயங்கால நேரத்தில் போன் செய்தால் திட்டு நிச்சயம். இப்போது சமூக ஊடகத்தில் யார் என்ன கமெண்ட் போடுகிறார்கள் என்று பார்ப்பதும் சேர்ந்துவிட்டது.

மாவட்ட நிருபராக இருந்த காலத்தில் சென்னையிலிருந்து எனக்கு வந்த குறிப்புகளில் பெரும்பாலானவை இங்கிலீஷில் எழுதி அப்படியே தமிழாக்கியவை. 'அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்' என்று தொடங்கும். என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று தெரிய மூன்றாவது பத்தி வரை போக வேண்டும். அத்தனை பொறுமை எனக்குக் கிடையாது. தமிழில் நேராக எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் தொழிலில் இன்னும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் கல்லூரி விழாவுக்கே ஒரு குறிப்பு எழுதிப் பழகுங்கள். முதல் வரியில் நடந்தது என்ன, கடைசி வரியில் யாரைக் கூப்பிட்டால் விவரம் கிடைக்கும். படத்தோடு இடமிருந்து வலமாகப் பெயர்கள். இனிஷியலைத் தப்பாகப் போட்டால் அந்த ஊரில் உங்களுக்கு மன்னிப்பே கிடையாது.

ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பிஆர்ஓ என்பார்கள். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில் தொடங்கியவர். ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டு சேர்த்ததோடு நில்லாமல், வெளியான படங்களின் விவரங்களையெல்லாம் குறித்துச் சேர்த்து வைத்தார். பிற்காலத்தில் தகவல் வேண்டுமென்றால் நிருபர்கள் அவரைத் தேடிப் போனார்கள். நாம் நிருபரைத் துரத்துவது போய் நிருபர் நம்மைத் தேடி வர வேண்டும். பயிற்சிக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டில் மெஸ் நடத்துகிறேன். 'சாம்பாரில் முடி. கேட்டால் முறைக்கிறார்கள்' என்று கூகுளில் ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டார். இருபது பேரைப் பிடித்து ஐந்து ஸ்டார் போட வைத்துவிடலாம் என்கிறான் மச்சினன்.
– வாசகர், ஈரோடு

மச்சினனைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். ஒரே ராத்திரியில் இருபது பேர் 'சூப்பர்', 'அருமை' என்று எழுதினால் படிக்கிறவருக்கே புரிந்துவிடும். கூகுளும் கண்டுபிடித்தால் நீக்கிவிடும். 'ரிவ்யூ போட்டால் பாயசம் இலவசம்' என்று போர்டு வைப்பதும் அவர்கள் விதிப்படி கூடாது.

முடி எந்த ஓட்டலிலும் விழும், ஜனங்கள் அதை மறந்துவிடுவார்கள். உங்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது அந்த 'முறைக்கிறார்கள்'தான். அன்றைக்குக் கல்லாவில் யார், பரிமாறியது யார் என்று முதலில் விசாரியுங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்: 'ஐயா, நீங்கள் சொன்னது தப்புதான். சமையல்கட்டில் எல்லோரும் தலையை மூடிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறோம். பரிமாறுகிறவரிடமும் பேசிவிட்டேன். நான் தினமும் மதியம் மெஸ்ஸில்தான் இருப்பேன். அடுத்த முறை வந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள்.' உண்மையில் ஏற்பாடு செய்துவிட்டு எழுதுங்கள். 'எங்கள் பாரம்பரியம்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். திட்டினவர் திரும்பி வராமலே போகலாம். நாளைக்கு எங்கே சாப்பிடலாம் என்று தேடுகிறவர் உங்கள் பதிலைப் படிப்பார், அவருக்காகத்தான் இது.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்கிறோம். லட்சக்கணக்கில் ஃபாலோயர் உள்ள ஒருவர் ஒரு ரீலுக்கு முப்பதாயிரம் கேட்கிறார். 'விளம்பரம் என்று போட மாட்டேன், வெல்லம் என்பதால் சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம் என்று சொல்லிவிடுகிறேன்' என்கிறார்.
– வாசகர், கோவில்பட்டி

இரண்டுமே ஆபத்து. காசோ இலவசப் பொட்டலமோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குப் புரிகிற மாதிரி, வீடியோவின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. பேசினவர், தயாரித்தவர் இருவருக்கும் பொருந்தும். வெல்லமும் இனிப்புதானே, சுகர் உள்ளவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்து ரீல் போட்டால் உங்களைத்தான் பிடிப்பார்கள்.

2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கை வைத்துக்கொண்டு இந்தப் பொய் எதற்கு? பாகு முறுகிய பதம் பார்ப்பதைக் காட்டச் சொல்லுங்கள், அதுவே போதும். அதற்கும் முன்னால், அவருடைய பார்வையாளர்கள் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். நீங்கள் பார்சல் அனுப்பக்கூடிய ஊர்கள் அதில் இருந்தால் பேரம் பேசலாம், முப்பதாயிரம் கொஞ்சம் இறங்கும். காட்ட மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.