லுத்தரை வைத்து மத சுதந்திரம் பேசலாமா?

கேள்வி: எங்கள் லுத்தரன் சபையின் வாலிபர் கூட்டத்தில், டிசம்பர் 10 மனித உரிமை நாளன்று மத சுதந்திரம் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அந்த உரிமையைத் தந்ததே, ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர்தான்" என்று ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். "அனபாப்டிஸ்டுகளைக் கொல்லச் சம்மதித்தது யார்?" என்று விவரம் தெரிந்த ஒரு பையன் கேட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். (அனபாப்டிஸ்டுகள் என்றால் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அக்காலக் கிறிஸ்தவப் பிரிவினர்.)

1522-இன் கடைசியில் இருந்து ஆரம்பியுங்கள். லுத்தர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை வைத்திருப்பவர்கள் அதை ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஜெர்மனியில் சாக்சனியின் ஒரு பகுதியை ஆண்ட ஜார்ஜ் பிரபு உத்தரவு போட்டார். 1523-இல் லுத்தர் உலக அதிகாரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் சொன்னது இதுதான்: ஒரு பக்கம் என்ன, ஓர் எழுத்தைக்கூடக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஆனால் அவர்களே வீடு புகுந்து எடுத்துப்போனால் கைகலக்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன்? அரசனின் சட்டம் உடலோடும் உடைமையோடும் நின்றுவிடுகிறது. ஆத்துமா அவன் எல்லைக்குள் வராது. விசுவாசம் கடவுளின் ஈவு. வாளைக் காட்டிப் பெறுவது வாய்ப்பேச்சு மட்டுமே. கள்ளப் போதனையை இரும்பு வெட்டாது, நெருப்பு எரிக்காது, தண்ணீர் மூழ்கடிக்காது என்கிறார். இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். திருச்சபையின் அதிகாரத்தையும் வாளின் அதிகாரத்தையும் கலக்கக்கூடாது என்று லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் 28-ஆம் பிரிவில் சொல்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது அரசனுக்குப் போட்ட வேலி. மனிதன் தனக்குச் சரி என்று பட்டதை நம்பலாம் என்று லுத்தர் எங்கும் சொல்லவில்லை. 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் விசாரணைக்கு நின்றபோதுகூட, தன் மனச்சாட்சி தேவவார்த்தைக்குக் கட்டுண்டது என்றுதான் சொன்னார். அப்புறம் 1531-இல், அனபாப்டிஸ்டுகளுக்கு மரண தண்டனை தகும் என்று அவருடைய சக சீர்திருத்தவாதி மெலாங்க்தன் எழுதிய கருத்துரைக்கு "எனக்குச் சம்மதம்" என்று கையெழுத்தும் போட்டார். 1523-இன் நூலுக்குப் பின் எட்டே வருடம்! இதை மழுப்ப வேண்டாம்.

உரிமை என்ற சொல் நம் பக்கம் வந்து சேர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. 1948-இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் மத சுதந்திரம் பற்றிய 18-ஆம் பிரிவு உருவானதில் ஃபிரெட்ரிக் நோல்டே என்பவருக்குக் கணிசமான பங்கு உண்டு. பிலடெல்பியாவின் லுத்தரன் இறையியல் கல்லூரிப் பேராசிரியர் அவர், ஐ.நா.வில் திருச்சபைகளின் சார்பில் பேசியவர். திருச்சபைக்குத் தனிச் சலுகை கேட்காமல், எல்லோருக்கும் உரியதாகக் கேட்டார். மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் அந்தப் பிரிவில் இருக்கிறது. லுத்தரிடம் இதற்கு வாதம் கிடைக்கும், உரிமை கிடைக்காது. என் கணிப்பில் உங்கள் பேச்சின் மையம் இதுதான்.

2010-இல் ஸ்டுட்கார்ட்டில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மெனோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. நேரம் போதாவிட்டால் வோர்ம்ஸை விட்டுவிடுங்கள், அதைத்தான் எல்லோரும் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். ஸ்டுட்கார்ட்டை விடாதீர்கள்.