ஜெர்மன் லுக் பீட்டில்: எஞ்சினைக் கடைசியில் தொடுங்கள்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: போர்ஷே பாகங்களைப் போட்டு வண்டியை மாற்றும் ஜெர்மன் லுக் பாணி. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஜெர்மன் லுக் என்கிறார்கள், கால் லுக் (கலிஃபோர்னியா லுக்) என்கிறார்கள். இரண்டுமே உயரம் குறைத்த பீட்டில்தானே, எதை வைத்துப் பிரிப்பது?

பதில்: படத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கால் லுக் தெற்கு கலிஃபோர்னியாவில் 1960களின் கடைசியில் டிராக் ரேஸ் ஓட்டிய இளைஞர்களிடமிருந்து வந்தது. நேர்கோட்டில் கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதுதான் அங்கே போட்டி. அதனால் மூக்கு மட்டும் நன்றாக இறங்கியிருக்கும், முன் டயர் ஒல்லியாக இருக்கும், பம்பரைக் கழற்றிவிடுவார்கள், பின்னால் பெரிய எஞ்சினும் இரண்டு வெபர் கார்பரேட்டரும் உட்கார்ந்திருக்கும்.

ஜெர்மன் லுக் வளர்ந்த இடமே வேறு. வளைவுகள் நிறைந்த ரேஸ் டிராக், ராலி நடக்கும் மலைச்சாலை, பல இடங்களில் வேக வரம்பே இல்லாத ஆட்டோபான் என்ற ஜெர்மன் நெடுஞ்சாலை. 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் போர்ஷே சால்ஸ்பர்க் அணி 1302எஸ், 1303எஸ் பீட்டில்களை ராலிகளில் இறக்கியது, இந்தப் பாணிக்காரர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த வண்டிகளைத்தான். அந்த மாதிரி சாலையில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைவிட எவ்வளவு தாமதமாகப் பிரேக் பிடித்து எவ்வளவு நிதானமாகத் திரும்ப முடிகிறது என்பது பெரிய விஷயம். ஆகவே போர்ஷேயின் பிரேக், சஸ்பென்ஷன், 16 அல்லது 17 அங்குல வீல், முன்னால் 205 மிமீ, பின்னால் 225 மிமீ அல்லது அதற்கும் அகலமான டயர், முன்னும் பின்னும் சமமாக இறங்கிய உடல், உள்ளே பக்கெட் சீட், சிலவற்றில் ரோல் கேஜ் (வண்டி உருண்டால் காக்கும் இரும்புக் கூண்டு). குரோம் குறைவாக இருக்கும்.

நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: வேலை செய்யாத ஏதாவது வெறும் காட்சிக்காக மாட்டப்பட்டிருக்கிறதா? 17 அங்குலப் போர்ஷே வீலின் இடைவெளியில் பழைய டிரம் பிரேக் எட்டிப்பார்த்தால், மன்னிக்கவும், அது வேஷம்.

ஃபோக்ஸ்வாகனே 1973-இல் 'கெல்ப்-ஷ்வார்ட்ஸர் ரென்னர்' என்று மஞ்சளும் கறுப்புமாக 3500 வண்டிகள் விட்டது. அகலமான வீல், 175 டயர், ஸ்போர்ட் சீட் எல்லாம் கொடுத்தார்கள், எஞ்சின் மட்டும் வழக்கமான 50 குதிரைத்திறன் 1600 சிசி தான்! காசை எதில் முதலில் போட வேண்டும் என்று கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது.

கேள்வி: எந்த வருட பீட்டில் வாங்கினால் இதற்குச் சரிவரும்? எனக்கு 1950களின் ஓவல் ஜன்னல் வண்டி ரொம்பப் பிடிக்கும்.

பதில்: ஓவலைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். 1303 தேடுங்கள், கிடைக்காவிட்டால் 1302.

காரணம் பின் அச்சு. பழைய பீட்டில்களில் ஸ்விங் ஆக்சில். பின்சக்கரமும் அதன் தண்டும் சேர்ந்து கியர்பாக்ஸ் பக்கத்திலுள்ள ஒரே மூட்டில் மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும், அந்த நேரத்தில் டயரின் ஓரம் மட்டும்தான் சாலையைப் பிடித்திருக்கும். எஞ்சினின் எடை முழுக்கப் பின்னால் இருக்கிற வண்டியில் இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1970 ஆகஸ்டில் வந்த 1302-இல் பின்னால் பக்கத்துக்கு இரண்டு மூட்டுள்ள தண்டும் சக்கரத்தைத் தாங்கும் சாய்வான டிரெய்லிங் ஆர்மும் வந்தன, முன்னால் பழைய டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) குழாய்கள் போய், சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வந்தது. 1972-இல் 1303, அதுதான் முன்கண்ணாடி வளைந்த மாடல். கூரையுள்ள 1303 1975 வரைதான், கேப்ரியோலே மட்டும் 1980 ஜனவரி வரை ஓடியது. 1973 ஆகஸ்டுக்குப் பிந்தைய 1303-இல் ஸ்ட்ரட் அடியில் சேரும் விதம் மாறிவிட்டது. பாகம் வாங்கும்போது வண்டியின் வருடத்தைச் சொல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: போர்ஷே 944 பிரேக் நேராக மாட்டுமா? நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அவசியமா?

பதில்: நேராக மாட்டாது, ஆனால் நினைப்பதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. 924, 944 இரண்டின் பின் சஸ்பென்ஷனும் பீட்டில் பரம்பரையில் வந்ததுதான், அதனால் 944-இன் டிரெய்லிங் ஆர்மையே பீட்டிலில் பொருத்துகிறார்கள். கூடவே வீல் போல்ட் அமைப்பும் பீட்டிலின் 4x130-இலிருந்து (130 மிமீ வட்டத்தில் நான்கு போல்ட்) போர்ஷேயின் 5x130-க்கு மாறிவிடும், போர்ஷேயின் புகழ்பெற்ற ஃபூக்ஸ் வீல் தொடங்கி எது வேண்டுமானாலும் போடலாம். பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் கூடும் என்பதால் வீலின் ஆஃப்செட்டை (வீல் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்பதை) கணக்கிட்ட பிறகே வாங்குங்கள், இல்லாவிட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே நிற்கும்.

நான்கு பிஸ்டன் காலிப்பர் 944 டர்போவில் வருவது. அந்த வண்டியின் எடை சுமார் 1300 கிலோ, உங்கள் 1303 சுமார் 900 கிலோ. சாதாரண 944 காலிப்பரே தாராளம். பலர் மறப்பது மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகத்தை. காலிப்பர் பிஸ்டன் பெரிதாகி மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் தரை வரைக்கும் போகும், அப்புறம் எவ்வளவு காற்று எடுத்தாலும் சரியாகாது.

கேள்வி: பின்னால் காயிலோவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் உள்ள பாகம்) போட்டு இறக்கலாமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். பீட்டிலில் பின்பக்க எடையைத் தாங்குவது டார்ஷன் பார், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் எடை தாங்குவதற்காகச் செய்யப்படவில்லை. காயிலோவர் வந்தால் முழு எடையும் அந்த இடத்தில் ஏறும், உலோகம் விரிசல் விடும். போடுவதானால் இரண்டு பக்க மவுண்டையும் இணைத்துக் கீழே சட்டத்தோடு கட்டும் முக்கோணத் தாங்கி வேண்டும். காயிலோவர் இல்லாமலே நுணுக்கமாக இறக்கலாம். டார்ஷன் பாரின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் ஒரு பக்கம், வெளியே ஒரு பல் எதிர்ப்பக்கம் மாற்றினால் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. பொறுமை வேண்டும், செலவு கிட்டத்தட்ட இல்லை.

கேள்வி: எஞ்சினுக்கு பீட்டிலின் சொந்த டைப் 1-ஐப் பெரிதாக்குவதா, டைப் 4 போடுவதா?

பதில்: வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுபவருக்கு 94 மிமீ பிஸ்டனும் 82 மிமீ கிராங்க்கும் போட்ட 2276 சிசி டைப் 1 போதும், பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும். ஆட்டோபானில் மணிக்கணக்காக மிதிக்கப்போகிறீர்கள் என்றால் டைப் 4. இது 1968-இல் ஃபோக்ஸ்வாகன் 411-உடன் வந்து பிறகு போர்ஷே 914-க்கும் போன எஞ்சின். கிராங்க்கேஸ் அலுமினியம், டைப் 1-இன் மெக்னீசியக் கலவையைவிட உறுதி. இரண்டு லிட்டர் 914-இல் இதுவே 100 குதிரைத்திறன் தந்தது.

இரண்டுமே காற்றால் குளிரும் எஞ்சின்கள், எதைப் போட்டாலும் எதிரி வெப்பம்தான். பழைய டைப் 1-இல் ஆயில் கூலர் ஃபேன் உறைக்குள் மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நின்றதால் அந்தச் சிலிண்டர்தான் முதலில் சூடேறிப் போகும். 1970களின் தொடக்கத்தில் கூலரை அந்த வழியிலிருந்து நகர்த்தித் தனிக் கூண்டில் வைத்தார்கள். பெரிய எஞ்சினுக்கு அதுவும் போதாது, வெளியே தனி ஆயில் கூலர் வையுங்கள். டைப் 1-இல் மொத்த ஆயிலே இரண்டரை லிட்டர், வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கினால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். ஆழமான சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போடாமல் அகல டயர் போடுவது ஆபத்து. டயர் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவு ஆயில் ஒதுங்கும், இதை யோசிக்காமல் பேரிங்கை எரித்தவர்கள் நிறைய.

கேள்வி: சுபாரு எஞ்சின்?

பதில்: நன்றாக ஓடும். ஆனால் அது தண்ணீரால் குளிரும் எஞ்சின், ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதிலேயே உங்கள் குளிர்காலம் போய்விடும்.

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். இத்தனை மாற்றங்களுக்கும் டியூஃப் (வண்டிகளை ஆய்வு செய்யும் அமைப்பு) அனுமதி தருமா? பழைய வண்டிகளுக்கான எச் நம்பர் பிளேட் போய்விடுமா?

பதில்: முடியும், ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆய்வாளரிடம் போய் என்ன பாகம், எந்த வண்டியிலிருந்து, என்ன அளவு என்று எழுதிக் கொடுத்துப் பேசுங்கள், பிறகு வாங்குங்கள். சான்று இல்லாத பாகங்களைத் தனிச் சோதனையில் பார்த்து வண்டியின் பத்திரத்தில் பதிவார்கள். பதியாத மாற்றத்தோடு சாலையில் ஓட்டினால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம்.

எச் பிளேட் வேறு கதை. 30 வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்கு 191.73 யூரோ என்ற ஒரே வரி, ஆனால் மாற்றங்கள் அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும். பொதுவாக, வண்டி பதிவான முதல் பத்து ஆண்டுகளில் வழக்கத்தில் இருந்ததை ஏற்பார்கள். 1973 வண்டிக்கு 15 அங்குல ஃபூக்ஸ் வீல் பிரச்சினையில்லை, 90களின் 17 அங்குல வீலுக்கு வாதாட வேண்டியிருக்கும். இரண்டையும் ஆசைப்படாதீர்கள், எச் வேண்டுமா 17 அங்குலம் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: குரோம் பம்பரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் முடிந்த பிறகு பம்பரைப் பற்றிச் சண்டை போடலாம்.